வாள் எந்தப் பக்கம்

2024 கடைசியில் நான் வரைந்து போட்ட ஒரு படத்தின் கீழே, ஜப்பானிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்: “அழகாக இருக்கிறது. ஒன்று கேட்கலாமா? இவர் கிமோனோவை இறந்தவருக்கு உடுத்துவதுபோல உடுத்தியிருக்கிறார். வேண்டுமென்றே செய்ததா?”

அவர் எதைச் சொல்கிறார் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு நான் எழுதிய பதில்: “ஆமாம், வேண்டுமென்றேதான். அவனுக்குள் இருந்த சாமுராய் செத்துவிட்டான் என்று சொல்ல நினைத்தேன்.”

அது பொய். அவர் “அப்படியா, புரிந்தது, நன்றி” என்று மட்டும் எழுதினார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் படத்துக்கு விழுந்த இதயங்களைவிட என் பதிலுக்கு அதிகம் விழுந்தன. “எவ்வளவு நுட்பம்!” என்று தமிழிலேயே சிலர் எழுதினார்கள். நான்கு பேர் பிரிண்ட் கேட்டு வாங்கினார்கள், ஒன்று 400 ரூபாய். வாங்கியவர்களிடம் அந்தக் கதையை நானே மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

இதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால் அப்போது என்னால் சொல்லியிருக்க முடியாது. யாருக்கும் நஷ்டமில்லை. படம் முன்பைவிட ஆழமாகத்தான் ஆனது. இருந்தும் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலுக்குப் பெயர் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது.

*

முதலில் படத்தைப் பற்றி. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற விளையாட்டின் நாயகன் ஜின் சகாய். 1274இல் மங்கோலியப் படை சுஷிமா தீவில் இறங்குகிறது. எதிரியை நேருக்கு நேர் நின்று, பேரைச் சொல்லிச் சண்டைக்கு அழைக்க வேண்டும் என்று தன்னை வளர்த்த மாமா கற்றுக்கொடுத்த முறையை ஜின் மீறுகிறான். இருட்டில் ஒளிந்து கொல்கிறான். மக்கள் அவனைப் பேய் என்கிறார்கள். 2024 மே மாதம் கணினிக்கு வந்தபிறகுதான் நான் அதை விளையாடினேன். செங்கல்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் இரவு 2 மணிக்கு, ரயில் சத்தத்துக்கு நடுவே, அந்தத் தீவின் நாணல் புல் காற்றில் சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சண்டையெல்லாம் இரண்டாம்பட்சம்.

ஜின்னை மாமல்லபுரம் கடற்கரையில் நிறுத்தி ஒரு படம் வரையலாம் என்று தோன்றியது. பின்னால் கடற்கரைக் கோயில். முன்னால் அவன். உடையின் கீழ்ப்பாதி முழுக்க ‘செய்கைஹா’ என்கிற அலைக்கோலம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அரைவட்டங்கள், மீன் செதில் மாதிரி இருக்கும். ஜப்பானிய உணவகச் சுவர்களிலும் கிண்ணங்களிலும் அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்ம ஊர் அலையும் அந்தத் துணியின் அலையும் ஒரே படத்தில் வருவதுதான் என் எண்ணம். மூன்று வாரம் வேலை பார்த்தேன்.

கணினியில் வரைகிற எல்லோரும் படத்தை அடிக்கடி இடவலமாகத் திருப்பிப் பார்ப்போம். நம் கண் பழகிப்போய் மறைத்துவிட்ட கோணல்களைக் கண்ணாடி பிம்பம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசி நாள் அப்படித் திருப்பியபோது படம் இன்னும் நன்றாக இருந்தது. காற்று இடமிருந்து வலமாக அடித்தது. கண் சுலபமாக உள்ளே போனது. அப்படியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கிமோனோவில் அணிந்திருப்பவரின் இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும். வலப்பக்கத் துணி மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. நான் மாதிரிப் படங்களைப் பார்த்து வரைந்ததால் முதலில் சரியாகத்தான் இருந்தது. திருப்பியதும் மாறிவிட்டது. அலைக்கோலம் மட்டும் மாறவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒன்றேபோல இருக்கும். அந்தக் கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மற்றதெல்லாம் கண்ணில் படவில்லை.

இதுவரை சொன்னது அறியாமை. அதற்காக யாரும் யாரையும் தூக்கில் போட மாட்டார்கள். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் செய்தேன். கடற்கரைக் கோயிலைத் தெற்கிலிருந்து பார்த்தால் பெரிய விமானம் வலப்பக்கம் கடலோரமாகவும் சின்ன விமானம் இடப்பக்கமாகவும் தெரியும். படத்தைத் திருப்பியதும் இரண்டும் இடம் மாறிவிட்டன. அது எனக்கு உடனே கண்ணில் குத்தியது. மாமல்லபுரத்துக்காரன் ஒருத்தன் பார்த்தால் சிரிப்பான் என்று, கோயில் இருந்த அடுக்கை மட்டும் பிரித்தெடுத்து மறுபடி நேராகத் திருப்பி வைத்தேன். கடலைக்கூடக் கொஞ்சம் மாற்றி வரைந்தேன். அரை மணி நேர வேலை.

அதாவது, திருப்பினால் பொருள் மாறும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. எனக்குச் சொந்தமான பாதிக்கு மட்டும் அந்த விதியைப் பொருத்தினேன். மற்ற பாதியில் விதி ஏதும் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அங்கே இருந்தது எனக்கு வெறும் அழகு.

*

இந்த மாதிரி விஷயத்தில் இரண்டு கட்சிகள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று, கலைக்கு எல்லையில்லை, யார் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்கிற கட்சி. மற்றது, அந்தப் பண்பாட்டில் பிறந்தவர்கள்தான் தொட வேண்டும், மற்றவர்கள் செய்தால் அபகரிப்பு என்கிற கட்சி. என்னைத் தேற்றிக்கொள்ள முதல் கட்சியிடம்தான் போனேன். அவர்களிடம் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன.

அந்த விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்தது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஒரு ஸ்டுடியோ. 2020இல் வெளிவந்தது. குரோசவாவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கட்டிய ஜப்பான் அது. கறுப்பு வெள்ளையில் விளையாட ஒரு வசதி வைத்து அதற்குக் குரோசவாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1274இல் அப்படிப்பட்ட கவசங்கள் கிடையாது. ஜின் உட்கார்ந்து ஹைக்கூ எழுதுகிறான், அந்த வடிவம் பிறக்கப் பல நூற்றாண்டுகள் இருந்தன. இருந்தாலும் சுஷிமா நகரம் 2021இல் அந்த விளையாட்டின் இயக்குநர்கள் இருவரைத் தன் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. 2020இல் ஒரு புயலில் அந்தத் தீவின் வதட்சுமி கோயிலில் இருந்த தோரண வாயில் ஒன்று விழுந்தது. அதைத் திரும்ப நிறுத்த 50 லட்சம் யென் கேட்டார்கள். விளையாட்டின் ரசிகர்களும் சேர்ந்துகொள்ள, வந்தது 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல்.

கிமோனோ விதியும் ஜப்பானில் தானாக முளைத்ததல்ல. இடப்பக்கம் மேலே வர வேண்டும் என்று 719இல் அரசவை ஆணையிட்டது, தாங் சீனத்து வழக்கத்தைப் பின்பற்றி. அதற்கு அடுத்த வருடம், 720இல், கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனின் தூதர்கள் அதே தாங் அரசவைக்குப் போனார்கள். எல்லோரும் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருந்த காலம்.

நம் கரையிலிருந்தும் போயிருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்து கிடக்கிறது. இந்தக் கரை முழுக்க அவர்கள் துணிக்காகத்தான் வந்தார்கள். சோழமண்டலக் கரையின் துணிகள் டச்சுக் கப்பல்களில் நாகசாகி வரை போயின. ஜப்பானில் ஒருவகைக் கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ‘சந்தோமே’ என்று பெயர். மயிலாப்பூர் சாந்தோம்தான் அது. பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். துணி அவர்களுடையதாகிவிட்டது, பெயர் மட்டும் நம் கரையின் பெயராக நின்றது.

இன்னொன்று சீனத்தின் சுவன்சௌ துறைமுகம். அங்கே தமிழ் வணிகர்கள் 13ஆம் நூற்றாண்டில் சிவனுக்குக் கோயில் எடுத்தார்கள். அதில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் 1281. குப்லாய் கான் உடல்நலத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிச் செய்த பிரதிஷ்டை அது. அதே 1281இல்தான் அதே குப்லாய் ஜப்பான்மேல் இரண்டாவது படையை அனுப்பினான். ஜின்னுடைய எதிரிக்காக நம் ஆட்கள் சாமி கும்பிட்டிருக்கிறார்கள்! கோயில் பின்னால் இல்லாமல் போனது. அதன் தூண்களும் சிற்பங்களும் அங்குள்ள கைய்யுவான் பௌத்தக் கோயிலில் பொருத்தப்பட்டன. பக்கத்தில் செதியன் என்ற கிராமத்தில் நான்கு கைகள் கொண்ட ஒரு பெண் தெய்வத்தை ஊர்க்காரர்கள் குவான்யின் என்று வணங்கினார்கள். அது நம் அம்மன்களில் ஒருத்தி.

இதையெல்லாம் படித்தபோது பெரிய நிம்மதி. எல்லாமே கைமாறி வந்தது, யாரும் எதற்கும் முழுச் சொந்தக்காரர் இல்லை, ஆகவே நான் ஒன்றும் செய்துவிடவில்லை. கடைசி ‘ஆகவே’தான் இடித்தது.

ஏனென்றால் எதிர்க்கட்சியிடமும் ஆதாரம் இருக்கிறது. ரசிகர்கள் சேர்ந்து வாயிலை நிறுத்திக்கொடுத்த அதே சுஷிமா கோயில், 2025இல், சில வெளிநாட்டுப் பயணிகள் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்கள் என்று, வழிபட வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் வர வேண்டாம் என அறிவித்தது. அப்படி நடந்துகொண்டவர்கள் விளையாட்டு ரசிகர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ஒரு இடத்தை அழகு என்று மட்டும் பார்க்கிற கண் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கொஞ்ச நாள் இரண்டு கட்சிக்கும் நடுவே அலைந்தபிறகு புரிந்தது, இரண்டுமே என் விஷயத்தைத் தொடவில்லை. இரண்டும் ‘நீ வரையலாமா கூடாதா’ என்றுதான் பேசுகின்றன. அவர் என்னை அதைக் கேட்கவே இல்லை. வரைந்ததைத் தப்பென்றும் சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டார். அவ்வளவுதான்.

இரண்டு கட்சிக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டுமே நம்மைப் படிக்கிற வேலையிலிருந்து விடுவித்துவிடுகின்றன. எல்லாம் எல்லோருக்கும் சொந்தம் என்றால் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. எதுவும் எனக்குச் சொந்தமில்லை என்றாலும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

*

என் பொய்க்கு ஒரு தத்துவ வக்கீலும் கிடைத்தார். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று ரோலான் பார்த் 1967இல் எழுதியதை நம்மில் பலர் முழுசாகப் படிக்காமலே மேற்கோள் காட்டுகிறோம். நானும் காட்டினேன், எனக்குள்ளேயே. வரைந்தவன் என்ன நினைத்தான் என்பது முக்கியமில்லை, படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பொருள். படத்தில் சாவு இருக்கிறது. பேய் என்று அழைக்கப்படுகிற ஒருத்தன் பிணத்தின் உடையில் நிற்கிறான். பொருள் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! நான் அதை வைத்தேனா, தானாக விழுந்ததா என்பதில் என்ன இருக்கிறது?

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்க வரவில்லை. யாரோ ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துத் தானாக அப்படி வாசித்திருந்தால் அது அவருடைய வாசிப்பு, நல்ல வாசிப்பு. செதியன் கிராமத்துக்காரர்கள் நம் அம்மனைக் குவான்யின் என்று வணங்கியதில் எந்தப் பொய்யும் இல்லை. அவர்கள் அந்தக் கல்லில் கண்டதை நம்பினார்கள். தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றுகூடச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

ஆர்தர் டான்டோ 1981இல் எழுதிய புத்தகத்தில் ஒரு விளையாட்டு வரும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாத சிவப்புச் சதுரங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று இஸ்ரவேலர்கள் கடந்துபோன செங்கடல், ஒன்று மாஸ்கோவின் செஞ்சதுக்கம், இப்படி ஒவ்வொன்றும் வேறு வேறு படம். கண்ணுக்கு ஒன்றாக இருப்பவை வேறு வேறு படைப்புகளாக இருக்க முடியும் என்கிறார். என் படத்தையும் அப்படி வைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே இறந்தவன் உடையில் வரையப்பட்ட ஜின் ஒரு படம். கவனிக்காமல் திருப்பிப்போட்ட ஜின் இன்னொரு படம். புள்ளிக்குப் புள்ளி இரண்டும் ஒன்று. நான் வரைந்தது இரண்டாவது. விற்றது முதலாவது.

இதற்கு மாமல்லபுரத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு பாறையில் ஒற்றைக்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, எலும்பு தெரியத் தவம் செய்கிறவரை எல்லோருக்கும் தெரியும். அது அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் சண்டை போடட்டும். கீழே, யானைப் பக்கத்தில், ஒரு பூனையும் அதே மாதிரி பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள். சின்ன வயசில் பள்ளிச் சுற்றுலாவில் எங்களுக்கு அந்தப் பூனையைத்தான் முதலில் காட்டுவார்கள். சிரிப்போம். பாரதத்தில் வருகிற கதை அது, தவம் செய்வதாகச் சொல்லி எலிகளைத் தின்ற பூனை.

இப்போது போய்ப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. சிற்பி பூனையைக் குறைவாகச் செதுக்கவில்லை. தவம் செய்கிறவருக்குக் கொடுத்த அதே நிலை, அதே கவனம். உருவத்தில் எந்தத் தப்பும் கண்டுபிடிக்க முடியாது. பூனைக்கும் தவசிக்கும் உள்ள வித்தியாசம் எலிகளிடம்தான் தெரிகிறது. அதாவது, அந்த நிலையை நம்பி யார் பக்கத்தில் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதில்.

என் படத்தை நம்பி நான்கு பேர் பக்கத்தில் வந்தார்கள். ஐந்தாவதாக, கேள்வி கேட்டவர்.

*

2025 மார்ச்சில் தாத்தா இறந்தார். செங்கல்பட்டில்தான் எடுத்தோம். பெரியப்பா கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அழுதழுது அவருக்கு எதுவும் பிடிபடவில்லை, கோயிலில் சுற்றுகிற பழக்கத்தில் வலமாகத் திரும்பினார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: “இடமா சுத்துப்பா! இடமா!”

பெரியப்பா நின்று, திரும்பி, இடமாக நடந்தார். குடத்தில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் பின்னால் ஒழுகியது.

யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை. சாவு வீட்டில் எல்லாம் மாறித்தான் நடக்கும் என்று நமக்கு உடம்பிலேயே தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பக்கம், போனவருக்கு மறுபக்கம். ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், ஆனால் பக்கத்தை யாரும் மறக்க மாட்டார்கள். மயானத்தில் நின்றபடியே எனக்கு அந்தக் கிமோனோ ஞாபகம் வந்தது. அந்த மனிதரும் எப்போதோ ஓர் அறையில் தன் பாட்டிக்கோ அப்பாவுக்கோ வலப்பக்கத் துணியை மேலே வைத்து உடுத்தியதைப் பார்த்திருக்கலாம். படத்தைப் பார்த்தவுடன் கழுத்துப்பட்டையில் அவர் கண் போனது புலமையால் அல்ல. நம் கண் கொள்ளிக்குடத்தின் பக்கம் போவதுபோலத்தான்.

யாராவது வெளிநாட்டுக்காரர் தமிழ் மணமக்களை வரைந்து, அவர்கள் அக்கினியை இடமாகச் சுற்றுவதாகக் காட்டி, நான் மெதுவாக “வேண்டுமென்றேதானா?” என்று கேட்க, “ஆமாம், திருமணமும் ஒரு மரணம்தான்” என்று பதில் வந்தால்? நான் நம்பியிருப்பேன். வீட்டில்கூடச் சொல்லியிருப்பேன், ஒருத்தர் எப்படி யோசித்திருக்கிறார் பாருங்கள் என்று. என்னிடம் இருந்த ஒரு வலியான அறிவை வாங்கிக்கொண்டு, அது தன்னிடம் ஏற்கெனவே இருந்ததாகச் சொல்லி எனக்கே அவர் திருப்பிக் கொடுத்திருப்பார்.

நான் செய்தது அதுதான். ஐந்து மாதம் தேடிய பெயர் இதுதான் என்று அங்கே தோன்றியது. கோலத்தை எடுத்துக்கொண்டது திருட்டில்லை. அவர் கேள்விக்குள் இருந்த அறிவை எடுத்துக்கொண்டு, அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் என் பெயரைப் போட்டுக்கொண்டேன் பாருங்கள், அதுதான் திருட்டு.

*

பள்ளி விடுமுறையில் கோடு போடக் கற்றுக்கொண்ட சிற்பப் பட்டறை ஒன்று மாமல்லபுரத்தில் இருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். கருமாதி முடிந்த வாரம் அங்கே போனேன். அங்கே பாதி வேலை புத்தர்தான். ஓட்டல்களுக்கு, தோட்டங்களுக்கு, கரைகடந்து போகிறவர்களுக்கு. அண்ணன் கல்தூசியோடு வந்து டீ சொன்னார். நடந்ததைச் சொன்னேன். சிரித்தார்.

“போட்டோ திரும்பி வர்றது எங்களுக்கும் உண்டுப்பா. இந்த மாதிரி செஞ்சு குடுங்கன்னு போன்ல அனுப்புவாங்க. பாத்தா புத்தர் இடது கையால பூமியத் தொட்டுட்டு இருப்பாரு.”

“அப்படியே செஞ்சிடுவீங்களா?”

“ஒருதடவ செஞ்சேன். அந்தோ இருக்கு.” சுவரோரம் ஒரு புத்தர். மடியில் இருக்க வேண்டிய கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. “சிலோன்லேருந்து வந்தவரு ஒருத்தர் பாத்துட்டு, ஐயா, பூமியத் தொடுறது வலது கைங்கன்னு சொன்னாரு. எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நவதாளம் தெரியும், அங்குலக் கணக்குத் தெரியும். எந்தக் கைன்னு யாரும் சொல்லித் தரல.”

“யாராவது வாங்கியிருப்பாங்களே அண்ணே. பாக்குறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?”

“எத்தினியோ பேர் கேட்டாங்க. குடுத்திருக்கலாம். வாங்குறவன், ஏன் இந்தக் கைன்னு கேட்டுட்டா?” டீயைக் குடித்து முடித்தார். “ஒரு காரணம் சொல்லிடலாம். கதை சொல்றதா கஷ்டம்? ஆனா அப்புறம் அடுத்த சிலைக்கும் அந்தக் கதையத்தான் சொல்லணும்.”

தலை மட்டும் கேட்கிறவர்களுக்குத் தலை மட்டும் செய்துகொடுக்கிறாரே, அது சரியா என்று கேட்க வாய்வரை வந்தது. பக்கத்திலேயே வரிசையாக ஏழெட்டுப் புத்தர் தலைகள் இருந்தன. நான் பார்த்ததை அவர் பார்த்தார். “அது வயித்துக்கு,” என்றார். காரணம் கேட்டால் அதுதான் காரணம். அவர் அதற்குக் கதை கட்டவில்லை.

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது கால். படத்தைத் திருப்பிப்போட்டால் சிதம்பரம் மதுரையாகிவிடும் என்று அண்ணன் கிளம்பும்போது சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மதுரையில் கால் மாறியதற்குப் பின்னால் ஒரு பாண்டியன் இருக்கிறான். ஒரே காலில் நின்று ஆடினால் வலிக்குமே என்று அவன் கேட்டதாகக் கதை. அந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்க ஓர் ஊரே இருக்கிறது. என் ஜின்னுக்குப் பின்னால் ஒரு பொத்தானை அழுத்திய விரல் மட்டும்தான் இருந்தது.

*

அன்றிரவே படத்தின் கீழே எழுதினேன். வேண்டுமென்றே செய்யவில்லை, படத்தைத் திருப்பியதில் மாறிப்போனது, நீங்கள் கேட்டபிறகுதான் அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியும், தெரிந்ததுபோல நடித்ததற்கு மன்னியுங்கள். பிரிண்ட் வாங்கிய நான்கு பேருக்கும் தனியாக எழுதி, வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

ஒருவர் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர், “நான் படத்தைத்தான் வாங்கினேன், உங்க கதைய இல்ல” என்று எழுதினார். நான்காமவர் எழுதியதுதான் இன்னும் கூடவே இருக்கிறது: “எனக்கு அந்த அர்த்தம் பிடிச்சிருந்தது. இப்போ அந்தப் படத்தப் பாத்தா உங்க பொய்தான் தெரியுது. ஏன் சொன்னீங்க?” உண்மையைச் சொன்னதால் ஒருவரிடமிருந்து ஒரு நல்ல படம் போய்விட்டது. இதற்கு என்னிடம் பதிலில்லை. சொல்லியிருக்க வேண்டாமோ என்று சில நாள் தோன்றும். பிறகு, சொல்லியாக வேண்டியிருந்ததே நான் முதலில் சொன்ன பொய்யால்தானே என்று தோன்றும்.

ஜப்பானியரிடமிருந்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. “எனக்கு அப்போதே தெரியும். வாள் வலப்பக்க இடுப்பில் இருந்தது. வலது கைக்காரன் வலப்பக்கத்திலிருந்து வாளை உருவ முடியாது. ஆனால் ஒருவேளை நீங்கள் யோசித்துச் செய்திருந்தால், தப்பென்று சொல்வது அவமரியாதை ஆகிவிடுமே. அதனால்தான் கேள்வியாகக் கேட்டேன்.”

வாளை நான் அந்த ஐந்து மாதமும் பார்க்கவே இல்லை. அத்தனை பேர் பாராட்டிய அந்த ஆழமான அர்த்தத்தைப் பொய் என்று சொல்லிக்கொண்டு, படத்தின் நடுவிலேயே, வலப்பக்க இடுப்பில் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது, என்னை விட்டுவிட்டார். தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போதும் அந்த மாதிரிப் படங்கள் வரைகிறேன். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு உடையை, ஒரு கோலத்தை எடுப்பதற்கு முன்னால் அது எங்கே நல்லதுக்கு, எங்கே கெட்டதுக்கு, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வரைய முடியாது. அப்படியென்றால் யாராலும் எதையும் வரைய முடியாது. ஆனால் யாராவது கேட்டால் “தெரியாது” என்று சொல்கிற இடத்தில் என்னை வைத்துக்கொள்ள முடியும். கேட்கிறவர் பெரும்பாலும் ஏதாவது சொல்லித்தருவார்.

ஒரு சின்ன ஏற்பாடும் செய்துகொண்டேன். ஒவ்வொரு படத்திலும் மேல் மூலையில் தனி அடுக்கில் ‘ழ’ என்று எழுதி வைத்துவிடுவேன். படம் திரும்பியிருந்தால் ‘ழ’வும் திரும்பிவிடும், எழுத்து மாதிரியே இருக்காது, கண் உடனே நின்றுவிடும். வெளியிடும்போது அந்த அடுக்கை மறைத்துவிட வேண்டும். போன மாதம் ஒரு படத்தில் மறைக்க மறந்துவிட்டேன். யாரோ கேட்டிருந்தார்கள்: “மூலையில் ஒரு ழ இருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?”

மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று எழுதினேன்.